மன்னிப்பின் எல்லை

பிறர் பிழை பொறுத்தல் உயர்ந்த பண்பு என்று நாம் மாணவர்க்குக் கற்பிக்கின்றோம். அங்ஙனம் கற்பிக்கும்பொழுது நம் மனக்கண்முன் நிற்போர் இருவரே. ஒருவன் தீங்கு செய்தவன், மற்றவன் தீங்குற்றவன். தீங்குற்றவன் தனக்குரிய சினத்தையும் தனக்குரிய வழக்கையும் தானே விட்டுவிடுகின்றான். தன் பொருளைத் தான் ஈவது போன்றது அது. ஆதலால் அதனை அறம் என்கின்றோம். இவ்விருவர்க்கும் இடையே மூன்றாமவன் ஒருவன் புகுந்து, 'இவனை நான் மன்னித்தேன்' என்று கூறினால் அதனை என்னென்பது? இழந்தவன் ஒருவன், விட்டுக்கொடுப்பவன் வேறொருவன். பிறர் வீட்டு நெல்லை அள்ளித் தானம் செய்வது அறமாகுமா?

நாட்டுத் தலைவர் குற்றவாளிக்கு வழங்கும் மன்னிப்பு இவ்வகையைச் சார்ந்தது. ஆயினும், உலகின் பெரும்பாலான நாடுகளில் சட்டமே அதற்கு இடமளித்துள்ளது. அதற்குக் காரணமும் உண்டு. சட்டம் பொதுவானது, குற்றம் செய்த மனிதனோ தனியன். பசியால் திருடியவனும் பேராசையால் திருடியவனும் சட்டநூலின் ஒரே பிரிவின்கீழ் வருதல் கூடும். தீர்ப்புக்குப் பின்னர்ப் புதிய சான்று கிடைத்தல் கூடும். நீதிபதி சட்டத்தின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு, தம் மனம் ஒப்பாத தண்டனையை வழங்க நேர்தலும் கூடும். அத்தகைய வேளைகளில் திறப்பதற்கென்று ஒரு கதவு இருத்தல் வேண்டும். திருவள்ளுவர் செங்கோன்மையையும் கண்ணோட்டத்தையும் ஆள்வோனுக்கே உரியனவாகப் பொருட்பாலில் வைத்தார் என்பதை ஆசிரியர் அறிவர். இரண்டற்கும் இடையே இரண்டே அதிகாரங்கள்தாம் உள்ளன. இரக்கம் துறவிக்கு மட்டும் உரிய அணியன்று, அரசனுக்குரிய கடமையுமாகும் என்பது இவ்வைப்பு முறையாலேயே விளங்கும்.

ஆகவே, நாட்டுத் தலைவர் மன்னிக்கலாமா என்பதன்று நம் வினா. எதுவரை மன்னிக்கலாம் என்பதே வினா. இதனை ஆராய்வதற்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அதிபருக்குள்ள அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூரில் அதிபர் அமைச்சரவையின் ஆலோசனைப்படியே தண்டனையைக் குறைக்கவோ நீக்கவோ இயலும். மலேசியாவில் மாமன்னரோ ஆட்சியாளரோ மன்னிப்பு வழங்குமுன் மன்னிப்பு வாரியம் கூடி அதனை ஆராய்தல் வேண்டும். அமெரிக்காவிலோ அதிபர் ஒருவரின் கையொப்பமே போதும். அமைச்சரவை ஒப்ப வேண்டியதில்லை. நீதிமன்றம் ஒப்ப வேண்டியதில்லை. காரணம் கூற வேண்டியதுமில்லை. கட்டில்லாத இடத்திலேதான் ஓர் அதிகாரத்தின் இயல்பு நன்கு புலப்படும்.

இவ்வதிகாரம் இங்கிலாந்து மன்னர்களிடமிருந்து அமெரிக்கர்க்கு வந்த சொத்து. அங்கேயே அதற்கு ஒரு முறை பெருஞ்சோதனை ஏற்பட்டது. இரண்டாம் சார்லஸ் மன்னரின் அமைச்சராக இருந்த டான்பி பிரபுவின்மீது நாடாளுமன்றம் குற்றஞ்சாட்டிப் பதவிநீக்க விசாரணை தொடங்கியது. 1679இல் மன்னர் அவருக்கு மன்னிப்பு வழங்கி அவ்விசாரணையைத் தடுக்க முயன்றார். நாடாளுமன்றம் வெகுண்டது. மன்னரின் ஏவலைச் செய்த அமைச்சரை மன்னரே மன்னித்துவிடலாம் என்றால், மன்னரைக் கேட்பவர் யார்? நாடாளுமன்றம் கொணரும் குற்றச்சாட்டுக்கு மன்னரின் மன்னிப்பு விடையாகாது என்று 1701ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்தது.

1787இல் பிலடெல்பியா நகரில் அரசமைப்பை வகுக்கக் கூடியவர்கள் அந்த வரம்பைத் தம் சட்டத்தில் சேர்த்துக்கொண்டனர். ஐக்கிய நாடுகளுக்கு எதிரான குற்றங்களை அதிபர் மன்னிக்கலாம். பதவிநீக்க விசாரணையில் மட்டும் அது செல்லாது. சட்டத்தின் வாசகம் அவ்வளவே. அதிலிருந்து மேலும் சில எல்லைகள் பிறந்தன. மாநிலச் சட்டத்திற்கு எதிரான குற்றங்களை அதிபர் தொட இயலாது. கூட்டரசுக் குற்றங்கள் மட்டுமே அவர் அதிகாரத்திற்குட்பட்டவை. இனிமேல் செய்யப்போகும் குற்றத்திற்கு முன்கூட்டியே மன்னிப்பு அளிக்க இயலாது. அளித்தால் அது சட்டத்தை மீறுவதற்குக் கொடுக்கும் உரிமச் சீட்டாகிவிடும். ஆனால், செய்து முடிந்த குற்றத்தை, வழக்குத் தொடங்குவதற்கு முன்னரே மன்னிக்கலாம் என்று உள்நாட்டுப் போருக்குப் பின் எழுந்த கார்லண்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. பின்னால் வந்த பெருஞ்சிக்கல்கள் பலவும் இந்த இடைவெளி வழியாகவே நுழைந்தன.

பிலடெல்பியாவில் கூடியவர்களுள் வர்ஜீனியாவைச் சேர்ந்த ஜார்ஜ் மேசன் என்பார் இதனை அன்றே அஞ்சினார். அதிபர் தாமே தூண்டிய குற்றத்தைச் செய்தவர்களை மன்னித்து, அதன் வாயிலாகத் தம் குற்றம் வெளிப்படாமல் தடுத்துவிடுவாரே என்பது அவர் கவலை. அதிபரே குற்றத்தில் பங்காளியானால் அவரையே பதவியினின்று நீக்கலாம் என்று ஜேம்ஸ் வில்சன் விடையிறுத்தார். 1788இல் வர்ஜீனியா மன்றத்தில் மேசன் மீண்டும் இதனை எழுப்பியபொழுது, ஜேம்ஸ் மாடிசன் ஏறத்தாழ அதே மறுமொழியைக் கூறினார். ஐயத்திற்குரியவர் ஒருவரோடு அதிபர் தொடர்புடையவர் என்றும், அவரைக் காக்க முனைவார் என்றும் நம்ப இடமிருந்தால் கீழவை அதிபரின்மீது குற்றஞ்சாட்டலாம் என்றார். அலெக்சாண்டர் ஹாமில்டனோ மனித இயல்பை நம்பினார். பலர் கூடிய அவையில் பொறுப்பு சிதறிப்போகும். ஓர் உயிர் தன் ஒரு சொல்லில் தொங்குகின்றது என்று உணரும் ஒருவனோ மிகவும் அஞ்சி நடப்பான் என்று அவர் எழுதினார்.

ஹாமில்டன் கூறியது வெறுங்கனவன்று. அதற்குச் சான்றாக ஒரு நிகழ்ச்சியைக் காட்டலாம். 1862ஆம் ஆண்டு மின்னசோட்டா மாநிலத்தில் டகோட்டாப் பழங்குடியினர்க்கும் குடியேறிகளுக்கும் போர் மூண்டது. போர் முடிந்ததும் இராணுவ விசாரணைக் குழு ஒன்று 303 பேருக்கு மரண தண்டனை விதித்தது. குற்றஞ்சாட்டப்பட்டோர்க்கு வழக்கறிஞர் இல்லை. சில விசாரணைகள் ஐந்து நிமிடங்களிலேயே முடிந்துபோயின. உறவினரை இழந்த குடியேறிகள் பழிக்குப் பழி வேண்டி நின்றனர். மாநில ஆளுநர் அலெக்சாண்டர் ராம்சியும் எல்லாரையும் தூக்கிலிட வேண்டும் என்று வற்புறுத்தினார். அதிபர் ஆபிரகாம் லிங்கன், உள்நாட்டுப் போரின் நடுவே, விசாரணை ஏடுகள் அனைத்தையும் தம்மிடம் அனுப்புமாறு பணித்தார். ஒவ்வொருவரின் வழக்கும் ஆராயப்பட்டது. போர்க்களத்தில் நின்று பொருதவரையும், போரில் சேராத குடிமக்களைக் கொன்றவரையும் வேறு பிரித்தார். இறுதியில் 39 பெயர்களைத் தம் கைப்பட எழுதி அனுப்பினார்; அவருள்ளும் ஒருவர்க்குத் தண்டனை நிறுத்தப்பட்டது.

1862 டிசம்பர் 26ஆம் நாள் 38 பேர் ஒரே மேடையில் தூக்கிலிடப்பட்டனர். அவர்களுள் ஒருவர் பெயர்க் குழப்பத்தால் மாண்டார். லிங்கனின் கருணைக்கும் அவ்வளவே எல்லை. அவரைக் குறைகூறுவோர் இன்றும் உளர். அவர்களுக்கும் நியாயம் உண்டு. ஆயினும் இங்கே நாம் நோக்க வேண்டியது முறையை. மன்னிக்குமுன் அவர் படித்தார். யார், என்ன செய்தார் என்பதைத் தெளிந்த பின்னரே விடுவித்தார். விடுவித்ததோடு நில்லாமல், 1862 டிசம்பர் 11ஆம் நாள் மேலவைக்குக் காரணத்தை எழுதி அனுப்பினார். மிகுந்த இரக்கம் மற்றொரு கலகத்தைத் தூண்டிவிடக் கூடாது, மிகுந்த கடுமை உண்மையான கொடுமையாகிவிடவும் கூடாது என்பதே தம் கவலை என்று அதிற் குறித்தார். சட்டப்படி அவர் எவர்க்கும் காரணம் கூறக் கடமைப்பட்டவரல்லர். இன்னும் பலரைத் தூக்கிலிட்டிருந்தால் தேர்தலில் கூடுதலாக வாக்குக் கிடைத்திருக்கும் என்று ராம்சி பின்னொரு நாள் அவரிடம் சொன்னபொழுது, வாக்குக்காக மனிதரைத் தூக்கிலிட இயலாது என்னும் பொருள்பட லிங்கன் விடை பகர்ந்தாராம்.

இனி நீதிமன்றங்கள் மன்னிப்பை எவ்வாறு பொருள்கொண்டன என்பதைக் காண்போம். 1833இல் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் அதனை ஓர் அருட்செயல் என்றார். அருளாதலின், பெறுபவர் அதனை மறுக்கவும் உரிமை உண்டு என்றார். 1915இல் பர்டிக் என்னும் செய்தியிதழ் ஆசிரியரின் வழக்கு வந்தது. செய்தி எவ்வாறு கிடைத்தது என்பதைச் சொல்ல அவர் மறுத்தார். 'சொன்னால் என்மீதே குற்றம் வரும்' என்பது அவர் கூறிய காரணம். அவரைப் பேச வைப்பதற்காக அதிபர் உட்ரோ வில்சன் அவர் கேளாத மன்னிப்பை அளித்தார். ஆசிரியரோ அதனை வாங்க மறுத்துவிட்டார். அவர் மறுத்தது சரியே என்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், மன்னிப்பை ஏற்பது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகும் என்று ஒரு கருத்தையும் அத்தீர்ப்பில் சேர்த்துவைத்தது. 1927இல் நீதிபதி ஒலிவர் வெண்டல் ஹோம்ஸ் வேறு வழியிற் சென்றார். மன்னிப்பு ஆட்சியிலிருக்கும் ஒருவரின் தனிப்பட்ட அருளன்று. தண்டனையைக் குறைப்பதனால் பொதுநலம் கூடுதலாகக் காக்கப்படும் என்ற முடிவே அது என்றார்.

என் எண்ணத்தில் ஹோம்ஸ் கூறியதே அறத்திற்கு நெருக்கமானது. நாம் தொடக்கத்தில் கேட்ட நெல் தானக் கேள்விக்கு அதில் விடையிருக்கின்றது. தலைவர் கொடுப்பது அவர் பொருளன்று, மக்கள் பொருள். ஆகவே மக்களுக்காகவே அதனைக் கொடுத்தல் வேண்டும். தமக்காகவோ தம்மைச் சார்ந்தோர்க்காகவோ கொடுத்தால் அது மன்னிப்பென்னும் பெயரை இழந்துவிடுகின்றது.

இந்த அளவுகோலைக் கையிற்கொண்டு, அமெரிக்க மன்னிப்புகளுள் மிகவும் பேசப்பட்டதை நோக்குவோம். 1972 ஜூன் 17ஆம் நாள் வாட்டர்கேட் கட்டடத்தில் இருந்த எதிர்க்கட்சி அலுவலகத்தினுள் நுழைந்தவர்கள் பிடிபட்டனர். அதிபர் ரிச்சர்டு நிக்சனின் உதவியாளர்கள் அதனை மூடி மறைக்க முயன்றனர். அதிபரும் அதற்கு உடந்தை என்பது அவர் அலுவலகத்திலேயே பதிவான ஒலிநாடாக்களால் வெளிப்பட்டது. 1974 ஜூலை இறுதியில் கீழவையின் நீதிக் குழு அவர்மீது மூன்று குற்றச்சாட்டுகளை ஏற்றது. முதற் குற்றச்சாட்டின் உட்பிரிவு ஒன்று நம் பொருளுக்கு நேரே உரியது. வாயைத் திறவாமல் இருந்தால் சலுகை கிடைக்கும் என்று குற்றவாளிகள் எதிர்பார்க்கும்படி அவர் செய்ய முயன்றார் என்பதே அது. மேசன் 1787இல் அஞ்சியது 187 ஆண்டுகளுக்குப் பின் குற்றச்சாட்டாகவே எழுதப்பட்டுவிட்டது.

ஆகஸ்டு 9ஆம் நாள் நிக்சன் பதவி விலகினார். துணை அதிபர் ஜெரால்டு ஃபோர்டு அதிபரானார். சரியாக ஒரு மாதம்கூட ஆகவில்லை. செப்டம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை காலை, நிக்சனுக்கு முழு மன்னிப்பு வழங்குவதாகத் தொலைக்காட்சியில் அறிவித்தார். 1969 ஜனவரி 20 முதல் 1974 ஆகஸ்டு 9 வரை அவர் செய்த, அல்லது செய்திருக்கக்கூடிய, ஐக்கிய நாடுகளுக்கு எதிரான குற்றங்கள் அனைத்திற்கும் அம்மன்னிப்பு பொருந்தும்.

'செய்திருக்கக்கூடிய' என்னும் சொல்லில் சற்றே நிற்க வேண்டும். எக்குற்றம் என்று அவ்வாணையில் இல்லை. வழக்குப் பதிவாகவில்லை, விசாரணை நடக்கவில்லை, தீர்ப்பு இல்லை. ஐந்தரை ஆண்டுக் கால அளவு ஒன்று குறிக்கப்பட்டு, அதற்குள் என்ன இருந்தாலும் அது இல்லையென்று ஆக்கப்பட்டது.

ஃபோர்டு கெட்ட எண்ணத்துடன் இதனைச் செய்தார் என்று நான் கருதவில்லை. பதவிக்கு ஈடாக மன்னிப்பு என்று பேரம் பேசப்பட்டதோ என்ற ஐயம் எழுந்தபொழுது, அவர் 1974 அக்டோபர் 17ஆம் நாள் தாமே கீழவையின் துணைக் குழுவின்முன் சென்று அமர்ந்து, பேரம் எதுவும் இல்லை என்று விடையளித்தார். பதவியிலிருக்கும் அதிபர் அங்ஙனம் குழுவின்முன் சென்று அமர்வது எளிதிற் காணக்கூடியதன்று. அவர் கூறிய காரணமும் இழிந்ததன்று. நேர்மையான ஜூரிகளைத் தேர்ந்தெடுத்து வழக்கை நடத்தி முடிப்பதற்குப் பல மாதங்கள், ஏன், ஆண்டுகள்கூட ஆகலாம். அதுவரை நாடு பிளவுபட்டே கிடக்கும். பணவீக்கமும் வெளிநாட்டுச் சிக்கல்களும் நாட்டை அழுத்தும் வேளையில் அது கூடாது என்றார். இச்செயலால் மக்களிடையே அவர் செல்வாக்குச் சரிந்தது. 1976இல் தேர்தலிலும் தோற்றார். 2001இல் கென்னடி நினைவு நூலக அறக்கட்டளை இதே செயலுக்காக அவருக்குத் துணிவுக்கான விருதை அளித்தது. அன்று எதிர்த்த எட்வர்டு கென்னடியே பின்னர் ஃபோர்டு செய்தது சரி என்று பாராட்டினார்.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பின்னும் என் மனம் அமைதியுறவில்லை. மன்னிப்புக்கு முன்னே நிற்க வேண்டியது உண்மை. என்ன நடந்தது என்பதே முடிவாகாதபொழுது எதனை மன்னிப்பது? ஃபோர்டு இதற்கும் ஒரு விடை வைத்திருந்தார். பர்டிக் வழக்குத் தீர்ப்பின் ஒரு பகுதியைத் தம் பணப்பையில் பின்னாளில் வைத்துக்கொண்டு திரிந்தார் என்பர். மன்னிப்பை ஏற்றதனால் நிக்சன் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டார் என்பது அவர் ஆறுதல். ஆனால், நிக்சன் அன்று வெளியிட்ட அறிக்கையில் தாம் இன்னும் உறுதியாகவும் வெளிப்படையாகவும் நடந்துகொள்ளாதது தவறு என்றாரேயன்றிக் குற்றம் என்ற சொல்லை எடுக்கவே இல்லை. 1977இல் தொலைக்காட்சிப் பேட்டியில், அதிபர் ஒன்றைச் செய்தால் அது சட்டவிரோதமாகாது என்னும் கருத்தைக் கூசாமல் வெளியிட்டார். குற்றத்தை ஒப்புக்கொண்டவரின் பேச்சா அது? தீர்ப்பில் ஓரமாகச் சொல்லப்பட்ட ஒரு கருத்தை ஒருவரின் நாவிலிருந்து வரவேண்டிய சொல்லுக்கு ஈடாக வைத்துக்கொள்ளுதல் இயலாது. மன்னிப்பை ஏற்பது ஒப்புதலாகாது என்று கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 2021இல் தீர்ப்பும் கூறிவிட்டது.

அதே செப்டம்பர் 8ஆம் நாள் வேறொன்றும் அறிவிக்கப்பட்டது. நிக்சனின் ஒலிநாடாக்களையும் ஆவணங்களையும் அவர் பொறுப்பிலேயே விட்டு, சில ஆண்டுகளுக்குப் பின் நாடாக்கள் அழிக்கப்படுவதற்கும் இடமளிக்கும் உடன்பாடு அது. மன்னிப்பும் மறைப்பும் ஒரே நாளில், ஒரே இல்லத்திலிருந்து புறப்பட்டன. நல்ல வேளையாக, அவ்வாண்டு டிசம்பரிலேயே காங்கிரஸ் மன்றம் தனிச் சட்டம் இயற்றி அவ்வாவணங்களை அரசின் காவலில் வைத்தது. அதனாலேதான் இன்றும் அறிஞர்கள் அந்நாடாக்களைக் கேட்டு எழுத முடிகின்றது.

ஃபோர்டின் செயலை முதலில் உரைத்துப் பார்த்தவர் எதிர்க்கட்சிக்காரர் அல்லர். அவருடைய செய்திச் செயலாளர் ஜெரால்டு டெர்ஹோர்ஸ்ட். செய்தியாளராக இருந்து, ஃபோர்டை நெடுநாள் அறிந்தவர். அப்பதவிக்கு வந்து ஒரு மாதந்தான் ஆகியிருந்தது. மன்னிப்பு அறிவிக்கப்பட்ட அன்றே அவர் பதவியைத் துறந்தார். வியட்நாம் போரில் ஈடுபட மனச்சான்று இடந்தராமையால் படையில் சேர மறுத்த இளைஞர்க்கு இத்தகைய கருணை இல்லாதபொழுது, குற்றஞ்சாட்டப்படுவதற்கும் முன்னரே நிக்சனுக்கு மட்டும் அதனை அளிப்பதைத் தம்மால் ஆதரித்துப் பேச இயலாது என்பது அவர் கூறிய காரணம். எட்டு நாள் கழித்து, செப்டம்பர் 16ஆம் நாள், ஃபோர்டு அவ்விளைஞர்க்கும் ஒரு திட்டத்தை அறிவித்தார். ஆனால் அது கட்டுப்பாடு உடையது. அவர்கள் தாமாக வந்து பதிவு செய்தல் வேண்டும். நாட்டுக்கு உண்மையாக இருப்பதாக உறுதி கூறுதல் வேண்டும். இரண்டாண்டுவரை பொதுப் பணி செய்தல் வேண்டும். முன்னாள் அதிபரிடம் எதுவும் கேட்கப்படவில்லை. படைக்குப் போக மறுத்த இளைஞனிடம் இத்தனையும் கேட்கப்பட்டன. நிக்சனுக்காகப் பொய் சொல்லி மறைத்த மிட்செல், ஹால்டிமன், எர்லிக்மன் ஆகியோர் 1975 ஜனவரி முதல் நாள் குற்றவாளிகள் எனத் தீர்க்கப்பட்டுச் சிறைக்கும் சென்றனர். ஏவியவர் வீட்டிலிருந்தார். அவ்விளைஞர்களுள் படையிற் சேராதோர்க்கு நிபந்தனையற்ற மன்னிப்பு 1977 ஜனவரி 21ஆம் நாள், பதவியேற்ற மறுநாளே, ஜிம்மி கார்ட்டர் வழங்கியதுதான்.

தன்னைத் தானே மன்னித்தல் பற்றியும் ஒரு சொல். நிக்சன் விலகுவதற்கு நான்கு நாள் முன்னர், 1974 ஆகஸ்டு 5ஆம் நாள், நீதித்துறையின் சட்ட ஆலோசனை அலுவலகம் ஒரு குறிப்பு எழுதியது. எவரும் தம் வழக்கில் தாமே நீதிபதியாதல் கூடாதாகலின், அதிபர் தம்மைத் தாமே மன்னிக்க இயலாது என்றது அக்குறிப்பு. நீதிமன்றத்தில் இது சோதிக்கப்பட்டதில்லை. 2018இல் டோனால்டு டிரம்ப், தமக்கு அவ்வுரிமை முழுமையாக உண்டு என்றார்.

தன்னை மன்னிப்பதும் தன் பிள்ளையை மன்னிப்பதும் எவ்வளவு தொலைவில் உள்ளன? திருவாரூர்த் தேர்க்காலின் கதை நாம் அனைவரும் வகுப்பறையில் சொல்வது. அங்கே அமைச்சர்கள் கழுவாய் தேடித் தந்தும் சோழன் அதனைக் கொள்ளவில்லை. மகனைத் தேர்க்காலிலிட்டது மிகையன்றோ என்று மாணவர் கேட்பதுண்டு, கேட்க வேண்டியதே. ஆனால் அக்கதையின் கரு தண்டனையின் கடுமையன்று. பசு இழந்ததும் கன்று. அரசன் விட்டுக்கொடுக்க விரும்பக்கூடியதும் தன் கன்று. அந்த இடத்தில் அரசனின் கை கட்டுண்டது என்பதே கரு. ஜோ பைடன் தம் மகனை மன்னிக்கப் போவதில்லை என்று முன்னர்ச் சொல்லியிருந்தும், 2024 டிசம்பர் முதல் நாள் மன்னித்தார். 2014 ஜனவரி 1 முதல் அன்றுவரை செய்த, அல்லது செய்திருக்கக்கூடிய, குற்றங்கள் என்று அவ்வாணையும் நிக்சனுக்கு எழுதிய வாசகத்தையே பின்பற்றியது. எதிர்க்கட்சியினர் பழிவாங்குவர் என்ற தந்தையின் அச்சம் பொய்யென்று சொல்வதற்கில்லை. அந்த அச்சத்தோடு சிறையில் பிள்ளையைக் கண்ட பிற தந்தையரிடம் கையொப்பமிடும் அதிகாரம் இல்லை என்பதையும் மறப்பதற்கில்லை.

1992 டிசம்பர் 24ஆம் நாள் மூத்த ஜார்ஜ் புஷ், ஈரானுக்குப் படைக்கலம் விற்ற விவகாரத்தில் விசாரணையை எதிர்நோக்கியிருந்த முன்னாள் தற்காப்பு அமைச்சர் காஸ்பர் வைன்பெர்கரை மன்னித்தார். அவ்விசாரணை நடந்திருந்தால் புஷ்ஷும் சாட்சியாக அழைக்கப்பட்டிருக்கக் கூடும். 2001 ஜனவரி 20ஆம் நாள் பில் கிளின்டன், வரி ஏய்ப்புக் குற்றச்சாட்டுக்கு அஞ்சி வெளிநாட்டில் வாழ்ந்த மார்க் ரிச் என்னும் வணிகரை மன்னித்தார். வணிகரின் முன்னாள் மனைவி கிளின்டனின் கட்சிக்குப் பெருந்தொகை அளித்தவர். 2025 ஜனவரி 20ஆம் நாள் டிரம்ப், 2021 ஜனவரி 6இல் நாடாளுமன்றக் கட்டடத்தைத் தாக்கிய நிகழ்ச்சி தொடர்பாக ஏறத்தாழ 1500 பேரை மன்னித்தார். இங்கே நிக்சன் நிகழ்ச்சியிலிருந்த குறை பெரும்பாலும் இல்லை. பலர்க்கும் நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது, குற்றத்திற்குப் பெயர் இருந்தது. குறை வேறிடத்தில் உள்ளது. அவர்கள் அன்று கூடியது டிரம்பே பதவியில் தொடர வேண்டும் என்பதற்காக. அவர்களால் தாக்கப்பட்ட காவலர் 140 பேர் அளவினர். மன்னிக்கும் உரிமை யார்க்கேனும் முதலில் இருந்திருக்குமாயின் அக்காவலர்க்கு இருந்திருக்கும். மேலும், மன்னிப்பு ஆணையே அவ்வழக்குகளை நாட்டுக்கு இழைக்கப்பட்ட அநீதி என்றது. தவறே இல்லையென்றால் மன்னிப்பு எதற்கு? அதற்குத் தீர்ப்பைத் திருத்துதல் என்று பெயரிடலாம்.

மேசனுக்கு வில்சனும் மாடிசனும் கூறிய மறுமொழி, பதவிநீக்கம் என்னும் காவலை நம்பியது. பதவி முடியும் நாளன்று கையொப்பமிடுபவரை அக்காவல் என்ன செய்யும்? 2024 ஜூலை முதல் நாள் உச்ச நீதிமன்றம், மன்னிப்பு அதிபருக்கே உரிய அதிகாரம், அதனைப் பயன்படுத்தியதற்காக அவர்மீது குற்றவழக்குத் தொடர இயலாது என்னும் நிலைக்குச் சட்டத்தைக் கொண்டு சென்றது. அப்படியானால் கையூட்டுப் பெற்று மன்னித்தாலும் கேட்பாரில்லையே என்று மாறுபட்ட தீர்ப்பெழுதிய நீதிபதி சோனியா சோட்டோமயோர் எச்சரித்தார். அதிபர்மீது குற்றவழக்குத் தொடரலாமா என்னும் வினா 1974இலேயே, சான்றுகள் மேசைமேல் கிடந்தபொழுதே, நீதிமன்றத்திற்குச் சென்றிருக்க வேண்டியது. ஃபோர்டின் கையொப்பம் நாட்டுக்கு அமைதியைத் தந்ததா என்பதில் கருத்து வேறுபடலாம். அவ்வினாவை ஐம்பது ஆண்டு ஒத்திவைத்தது என்பதில் வேறுபாடு இருக்க முடியாது.

நிக்சன் மன்னிப்பு வெளிவந்த சின்னாட்களில் மேலவை உறுப்பினர் வால்ட்டர் மாண்டேல் அரசமைப்புத் திருத்தம் ஒன்றை முன்மொழிந்தார். 180 நாளுக்குள் இரு அவைகளிலும் மூன்றிலிரு பங்கினர் மறுத்தால் அதிபரின் மன்னிப்பு செல்லாது என்பது அதன் கருத்து. அது நிறைவேறவில்லை. நிறைவேறாததும் நன்றென்றே நினைக்கின்றேன். லிங்கன் விடுவித்த டகோட்டா மக்களின் உயிர் 1862ஆம் ஆண்டின் அவைகளுடைய வாக்கெடுப்பில் தொங்கியிருந்தால் அவர்களுள் எத்தனை பேர் மிஞ்சியிருப்பர்? பலர் வெறுக்கும் ஒருவனைக் காப்பதற்காகவே இவ்வதிகாரம் ஒருவர் கையில் வைக்கப்பட்டது. அதனைப் பலரிடம் கொடுத்துவிட்டால் செல்வாக்குடையோர்க்கு மட்டுமே மன்னிப்புக் கிட்டும்.

நான் கேட்க விரும்புவது அதனினும் சிறியது. மன்னிப்பு ஆணையில் குற்றத்தின் பெயரை எழுத வேண்டும். மன்னிப்பதற்குரிய காரணத்தை எழுத வேண்டும். மன்னிக்கப்படுவோர்க்கும் கையொப்பமிடுவோர்க்கும் உறவோ தொடர்போ இருப்பின் அதனையும் எழுத வேண்டும். அவ்வாறிருப்பின் கையொப்பம் வேறொருவருடையதாக இருக்க வேண்டும். மேலவை கேட்டுக்கொண்டபடி லிங்கன் அதற்கு எழுதியனுப்பியது ஏறத்தாழ இதுவே. அவர் அனுப்பிய பட்டியலில் பெயர்களும் வழக்கு எண்களும் வரிசையாக உள்ளன. ஃபோர்டு கையொப்பமிட்ட தாளில் இரண்டு தேதிகள் உள்ளன.